ஒரு விசைக்கு இரண்டு வெடி

எங்கள் சுங்கப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவோம். போனமுறை, இப்போது வேலையில் இருக்கிற இளம் ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் தமிழ்ப் பிள்ளை, சிட்னியில் பென்டில் ஹில்லில் வளர்ந்தவள். எல்லாரையும் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "இந்த வேலையில் உங்களுக்கு ஆகப் பயம் வந்தது எப்போது?" ஒருவர் பொதிக்குள் உயிரோடு சுருண்டு கிடந்த பாம்பைச் சொன்னார். இன்னொருவர் கப்பல் ஏணியில் இருந்து வழுக்கியதைச் சொன்னார். என் முறை வந்தபோது நான், "எழுதித் தாறன், பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். துவக்குகளோடு, அதாவது துப்பாக்கிகளோடு, வேலை செய்த ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். யாரோ எனக்கு நேரே துவக்கை நீட்டிய கதை வரும் என்று நினைத்திருப்பார்கள். ஒருவரும் நீட்டியதில்லை. எனக்குப் பயம் வந்தது ஒரு பெட்டித் துவக்குகள் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவோடு, எங்கள் வாசலைத் தாண்டிப் போனபோது.

நான் கொழும்பில் ஒரு அரசாங்க வேர்க்ஷொப்பில் இயந்திரப் பகுதியில் இருந்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் மனைவி புவனாவோடு சிட்னிக்கு வந்தேன். முதல் ஒரு வருடம் பூட்டுச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைச்சல் இயந்திரத்தின் முன்னால் நின்றேன். பிறகு மத்திய அரசின் சுங்கப் பகுதியில், இறக்குமதியாகும் துவக்குகளைச் சோதிக்கிற தொழில்நுட்ப ஆளாக வேலை கிடைத்தது. அதற்கு முன் நான் துவக்கைத் தொட்டதில்லை. சில மாதப் பயிற்சியில் கழற்றவும் பூட்டவும் சுடவும் பழக்கினார்கள். உள்ளே இருப்பது வில்லும் நெம்பும் பல்லும்தான். அது எனக்குத் தெரிந்த உலகம்.

அந்த நாட்களில் ஆஸ்திரேலியாவில் துவக்கை யார் வைத்திருக்கலாம், யார் விற்கலாம் என்பதெல்லாம் மாநிலங்களின் பாடு. ஒரு மாநிலத்தில் ஒரு சட்டம், எல்லையைத் தாண்டினால் வேறு சட்டம். மத்திய அரசின் கையில் இருந்தது ஒன்றே ஒன்று: வெளிநாட்டில் இருந்து எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி வெடிக்கிற துவக்கு வரலாம். இழுத்துப் பிடிக்கப் பிடிக்க வெடித்துக்கொண்டே இருப்பது அனுமதியில்லாமல் வர முடியாது. ஒரு துவக்கு இதில் எந்த வகை என்று சொல்வது எங்கள் வேலை.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹாலட் என்பவர். போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். இடது காது கேட்காது. அவரோடு பேசவேண்டும் என்றால் வலது பக்கம் போய் நிற்கவேண்டும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சோதனைக்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். கழுத்துப்பட்டியின் நுனியைச் சேர்ட்டின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே செருகுவார். துவக்கின் வாயைச் சுவருக்குத் திருப்பி, மகசினைக் கழற்றி, போல்டை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்து, தோட்டா இருக்கும் அறைக்குள் சுண்டு விரலை விட்டுத் தடவுவார். பிறகு அதே துவக்கை என்னிடம் தருவார். நானும் முதலில் இருந்து எல்லாம் செய்ய வேண்டும்.

"பார்த்தீரா?"

"பார்த்தனான்."

"என்ன கண்டீர்?"

"ஒன்றும் இல்லை" என்று முதல் வாரம் சொன்னேன்.

"ஒன்றும் இல்லை என்று ஒரு பொருள் இல்லை. கண்டதைச் சொல்லும்."

அன்றில் இருந்து, "அறையில் தோட்டா இல்லை, குழலின் மறுமுனையில் வெளிச்சம் தெரியுது" என்று சொல்லப் பழகினேன். அவர் பார்த்ததை நான் நம்பக்கூடாது, நான் பார்த்ததை அவர் நம்பமாட்டார். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்று அவர் ஒருமுறை விளங்கப்படுத்தினார். நம்பிக்கை வைத்த இடத்தில்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்றார். எங்கே, யார் என்று சொல்லவில்லை.

சுட்டுப் பார்ப்பது கட்டடத்தின் பின்னால் இருந்த கொங்கிரீட் சுரங்கம் ஒன்றில். எதிரே மணல் நிரப்பிய பெரிய பெட்டி. மகசினுக்குள் இரண்டே தோட்டா போடுவோம். துவக்கு தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கினாலும் இரண்டோடு நின்றுவிடும். அந்த இரண்டு தோட்டாதான் எங்கள் பாதுகாப்பு.

நான் சொல்ல வந்த பெட்டி நோரிஸ் என்ற வியாபாரியுடையது. பரமட்டா பக்கம் வேட்டைச் சாமான், மீன்தூண்டில், துவக்கு விற்கிற கடை வைத்திருந்தவர். ஐரோப்பாவில் இருந்து பழைய இராணுவத் துவக்குகளில் ஒரு தொகுதி வாங்கியிருந்தார். ஒரு காலத்தில் தொடர்ந்து வெடித்தவை. அங்கே ஒரு பட்டறையில் உள்ளே ஒரு துண்டை மாற்றி, ஒரு இழுவைக்கு ஒரு வெடி மட்டும் வெடிக்கும்படி செய்து அனுப்பியிருந்தார்கள். தாள்கள் எல்லாம் ஒழுங்கு.

ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தோம். அடிக்கட்டையில் பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்த துவக்கு என் கைக்கு வந்தது. விசையை இழுத்தேன். என் தோள் ஒரு தள்ளலுக்குத் தயாராக இருந்தது. இரண்டு வந்தது. இரண்டாவது தோட்டா மணல் பெட்டிக்கு மேலே, கொங்கிரீட் கூரையில் பட்டு, என் தலையில் தூள் கொட்டியது. விரலை விசையில் இருந்து எடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"அப்படியே நில்லும்" என்றார் ஹாலட். மெல்ல வந்து துவக்கை என் கையில் இருந்து வாங்கினார்.

அன்று பின்னேரம் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சுட்டோம். ஒரு இழுவைக்கு ஒரு வெடிதான். அடுத்த நாள் ஹாலட்டின் கையில் மறுபடியும் இரண்டு வெடித்தது. பிறகு இல்லை. கழற்றிப் பார்த்தபோது விளங்கியது. சுத்தியலைத் தடுத்துப் பிடிக்கிற பல்லு தேய்ந்திருந்தது. மாற்றிப் போட்ட துண்டின் இரும்பு மென்மையானது. மற்றத் துவக்குகளிலும் அதே துண்டுதான். அவை இன்னும் தேயவில்லை.

எங்கள் மேலிடம் முழுப் பெட்டியையும் தடுத்து வைத்தது. நோரிஸ் வழக்குப் போட்டார். செய்தி பேப்பரில் சின்னதாக வந்தது. அவருடைய கடைக்கு ஆட்கள் வருவது குறைந்தது என்று கேள்விப்பட்டோம். சட்டத்தை ஏமாற்றி யந்திரத் துவக்கு இறக்கியவர் என்று பேசிக்கொண்டார்களாம்.

நீதிமன்றத்தில் நான் சாட்சி. நோரிஸின் லோயர் நெடுவல், நரைத்த ஆள். என்னுடைய ஆங்கில உச்சரிப்புக்காக என்னை ஒருமுறையும் திருப்பிக் கேட்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

"இந்தப் பல்லை யாராவது வேண்டுமென்று அரத்தால் வெட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"பூதக்கண்ணாடியில் பார்த்தனான். அர அடையாளம் இல்லை."

"அப்படியென்றால்?"

"தேய்ந்திருக்கு."

"ஒரு பழைய சுவர் மணிக்கூடு என்றைக்காவது பதின்மூன்று தரம் அடித்தால், அதைப் பதின்மூன்று மணி காட்டும் மணிக்கூடு என்று சொல்வீர்களா?"

எங்கள் பக்க லோயர் எழும்பி மறுத்தார். நீதிபதி சிரித்தார். நான் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. தீர்ப்பும் அந்த மணிக்கூட்டின் வழியே போனது. பழுது வேறு, தன்மை வேறு. தொடர்ந்து வெடிக்கும்படி செய்யப்பட்ட துவக்கைத்தான் விதி தடுக்கிறது. தேய்ந்துபோன துவக்கை அல்ல. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் கேட்ட கேள்விக்குத் தீர்ப்பு சரியான விடை என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் துவக்கு ஒருவரின் கையில் ஆபத்தா என்று அந்தக் கட்டடத்துக்குள் யாரும் கேட்கவில்லை. கேட்க அங்கே இடமும் இல்லை.

டார்லிங் ஹாபர் பக்கத்துக் களஞ்சியத்தில் பெட்டியை ஒப்படைத்தது நான். விசைக் காப்புகளுக்குள் கோர்த்திருந்த சங்கிலியை உருவினேன். நோரிஸ் பெரிய உடம்புக்காரர். ஒவ்வொரு துவக்காக எடுத்துப் பார்த்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறைக் கீறல் விழுந்த துவக்கும் மற்றவற்றோடு உள்ளே போனது. அவருடைய வான் வாசலைத் தாண்டி வீதியில் ஏறியதும், எங்கள் அதிகாரம் அந்த இடத்தோடு முடிந்தது.

வீட்டில் என் சேர்ட்டில் வெடிமருந்து மணம் அடிக்கும் என்று புவனா தனியாகத்தான் தோய்ப்பாள். அன்று நான் சேர்ட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன, தோத்ததுக்கா இந்த யோசனை?" என்று கேட்டாள்.

"தோத்தது பரவாயில்லை. அந்தத் துவக்கு ஒரு வெடி வெடிக்கும் எண்டு நம்பி ஒருத்தன் வாங்கப் போறான். இரண்டாவது வெடி வரேக்க துவக்கின்ரை வாய் மேல எழும்பியிருக்கும். அல்லது பக்கத்திலை திரும்பியிருக்கும். பக்கத்திலை ஆர் நிப்பினம் எண்டு தெரியாது."

"அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்தானே? கோட்டிலை சொன்னீங்கள்தானே?"

"கோட்டிலை கேட்டதை அவர் வெண்டதாத்தான் கேட்டிருப்பார்."

புவனா பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்திவிட்டு, "அப்ப போய்ச் சொல்லுங்கோவன்" என்றாள்.

அடுத்த நாள் ஹாலட்டிடம் கேட்டேன். வலது பக்கம் போய் நின்று, மெதுவாகத்தான் கேட்டேன். அவர் உடனே தலையாட்டினார், வேண்டாம் என்று. சட்டப் பகுதி ஏற்கனவே எச்சரித்திருந்ததாம். வழக்கில் தோற்றபிறகு எங்கள் ஆள் ஒருவர் கடைக்குப் போனால், தோற்றதுக்குத் தொந்தரவு செய்கிறோம் என்று நோரிஸ் இன்னொரு வழக்குப் போடலாம்.

"போகாதேயும், சிவா. உம்முடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை" என்றார்.

அது உண்மை. வேலைக்கு என்னைப் பரீட்சித்துப் பார்க்கிற காலம் முடியவில்லை. வேலை போனால் வாடகை வீடு, கைக்குழந்தை, ஊரில் இருந்து வரக் காத்திருந்த தம்பி எல்லாமே அதோடு போய்விடும். இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தேன். பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் விரித்த ஆங்கிலப் பேப்பரில் சூட்டைக் குறிக்கிற 'ஷொட்' என்ற சொல்லைக் கண்டால் எட்டிப் பார்ப்பேன். அது கிரிக்கெட்டில் ஒருவர் அடித்த அடியாக இருக்கும்.

சனிக்கிழமை காலை ரெயினில் நோரிஸின் கடைக்குப் போனேன்.

கடையில் வேறு ஆட்கள் இல்லை. நோரிஸ் என்னை அடையாளம் கண்டதும் மேசைக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தார்.

"நீதிபதி சொன்னது போதாதோ உனக்கு?"

"நான் வேலையாய் வரேல்லை. கந்தோரிலை மேலிடத்துக்கு நான் வந்தது தெரியாது. பிறைக் கீறல் போட்ட அந்தத் துவக்கை மட்டும் விற்காதேங்கோ. அது என்ரை கையிலை இரண்டு வெடிச்சது."

"உன்ரை வாயாலைதானே கோட்டிலை சொன்னாய், ஒருத்தரும் வெட்டேல்லை எண்டு?"

"ஓம். ஒருத்தரும் வெட்டேல்லை. தேய்ஞ்சிருக்கு. தேய்ஞ்சது வாங்குறவனுக்குத் தெரியாது."

 "அது வித்துப்போச்சு" என்றார். டப்போ என்ற ஊருக்கு அப்பால் பண்ணை வைத்திருக்கிற ஒருவர் காட்டுப்பன்றி சுடுவதற்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். பிறகு கதவைத் திறந்து பிடித்தார். நான் வெளியே வந்தேன். பின்னால் பூட்டுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை ஹாலட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். வேலை போகப் போகிறது என்றே நினைத்தேன்.

"நோரிஸ் ரெலிபோன் எடுத்தவர். நீர் போனீரா?"

"ஓம்."

"நான் போகாதே என்றுதானே சொன்னது?"

"ஓம்."

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். துவக்குச் சோதிக்கும்போது மட்டும் செய்கிற காரியம் அது. 

"அவர் முறைப்பாடு செய்ய எடுக்கவில்லை. நீர் சொன்னது உண்மையா என்று கேட்க எடுத்தவர்.  என்ரை கையிலையும் இரண்டு வெடித்தது என்று சொன்னேன்."

அவ்வளவுதான். சட்டப் பகுதியின் எச்சரிக்கையை அவரும் மீறிவிட்டார். இதைப்பற்றி நாங்கள் இருவரும் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. டப்போவுக்கு அப்பால் என்பது எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்தேன். அங்கே ஒரு வீடு, ஒரு குடும்பம், வேலியோரம் நடக்கிற பிள்ளைகள் என்று நானாகவே கற்பனை செய்து என்னையே வாட்டிக்கொண்டேன். வானொலிச் செய்தி வரும்போது புவனா சத்தத்தைக் குறைப்பாள். நான் கூட்டுவேன்.

பிறகு ஒருநாள் நோரிஸ் எங்கள் கந்தோர் வாசலுக்கு வந்தார். வானின் பின்னால் கம்பளியில் சுற்றி அந்தத் துவக்கு இருந்தது. அவர் பகல் முழுக்க ஓட்டிக்கொண்டு போய் அந்தப் பண்ணைக்காரரைக் கண்டிருக்கிறார்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. போன உடனை சொல்லுறான், இது சில நேரம் இரண்டு வெடிக்குது, நல்ல சாமான் தந்திருக்கிறாய் எண்டு. ஒரு முறை வேலித் தூணிலை பட்டதாம். அதைச் சிரிச்சுக்கொண்டு காட்டினான். அவன்ரை மகள் அந்தத் தூணுக்குப் பக்கத்திலை சைக்கிள் விட்டுக்கொண்டு நிண்டவள். நான் தாவெண்டு கேட்டால் தரமாட்டன் எண்டான். என்ரை சொந்தத் துவக்கைக் குடுத்துத்தான் இதை வாங்கினன்."

கம்பளிச் சுருளை எங்கள் பக்கம் நீட்டினார். "இதை நீங்கள் எடுங்கோ" என்றார்.

எங்களால் எடுக்க முடியவில்லை. அது இறக்குமதியாகி முடிந்த பொருள். நீதிமன்றமே விட்ட பொருள். ஹாலட் மாநிலப் பொலிசுக்குப் போகச் சொன்னார். அங்கே அவர்கள், சட்டப்படி வாங்கி, சட்டப்படி விற்ற துவக்கு, இதை ஏன் எங்களிடம் கொண்டு வருகிறாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நாடு முழுக்க இருந்த சட்டங்களுக்கு நடுவே அந்தத் துவக்கைப் பொறுப்பேற்க ஒரு கையும் இல்லை.

கடைசியில் நோரிஸ் என்னைத் தன் கடையின் பின்பக்கத்துக்கு வரச் சொன்னார். இந்தமுறை ஹாலட்டும் வந்தார், விடுமுறை நாள் உடுப்பில், தொப்பியோடு. துவக்கை மேசைக் குறட்டில் இறுக்கி, எரிவாயுச் சுவாலையால் உடம்புப் பகுதியை நான் மூன்றாக வெட்டினேன். சொந்தக்காரர் தன் பொருளை வெட்டச் சொன்னால் யாரும் தடுக்க முடியாது. 

பிறகு நோரிஸ், "மற்றதுகள்?" என்று கேட்டார்.

"அதிலையும் அதே துண்டு" என்றேன். "இன்றைக்கு இல்லாட்டி இன்னொரு நாள்."

கடையில் மிஞ்சியிருந்தவற்றை அன்றே வெட்டினோம். விற்றுப்போனவற்றைத் தேடிப் பல சனிக்கிழமைகள் நோரிஸ் வானை எடுத்துக்கொண்டு திரிந்தார். சிலர் உடனே கொடுத்தார்கள். சிலர் வாசலில் நிறுத்திச் சண்டை பிடித்தார்கள். ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை. வேறு மாநிலத்தில் இருந்து வந்தவர் என்று சொன்ன ஒருவர் வாங்கிப் போனது. அவர் கொடுத்த பெயரில் அவர் சொன்ன ஊரில் யாரும் இருக்கவில்லை.

என் வேலை நிரந்தரமானது. ஹாலட் ஓய்வு பெற்றுப் போன பிறகும் நான் பல வருடங்கள் அந்தச் சுரங்கத்தில் நின்றேன். பின்னால் விதிகளை எழுதியவர்கள் எங்களைப் போன்றவர்களிடமும் கேட்டார்கள். பழுதான துவக்கைப்பற்றி நான் என்னால் முடிந்தவரை சொன்னேன். எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியாது.

நோரிஸ் ஒவ்வொரு கிறிஸ்மஸ் காலத்திலும் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பார். நலம் விசாரிப்பதில்லை, கிடைக்காமல் போன அந்தத் துவக்கால் யாருக்கும் ஏதும் ஆனதாகக் கேள்விப்பட்டோமா என்பதுதான் பேச்சு. "அதைப்பற்றி ஒரு செய்தியும் இல்லை" என்பார். "எனக்கும் இல்லை" என்பேன். வைத்துவிடுவார். எங்கள் நட்பு அவ்வளவுதான். ஆனால் அந்த அழைப்பு வரும்வரை எனக்கு டிசம்பர் மாதம் நிம்மதியாகப் போகாது.

ஒரு வருடம் அவர் எடுக்கவில்லை. புது வருடம் பிறந்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். நோரிஸின் மகள். தகப்பன் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்றாள். உங்கள் பெயரையும் இலக்கத்தையும் தந்து ஒரு விஷயம் சொல்லச் சொன்னவர், எனக்கு என்னவென்று விளங்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டவர் என்றாள்.

"என்ன சொல்லச் சொன்னவர்?"

"இன்னும் ஒரு செய்தியும் இல்லை எண்டு."

நான் நன்றி சொன்னேன். "எதைப்பற்றி?" என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். தகப்பனைப் புதைத்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளை. அதையும் அவள் இனிமேல் சுமக்கவேண்டுமா என்று நினைத்து, "நல்ல செய்திதான், பிள்ளை" என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன்.